சைவ வீட்டில் ஒரு கருடன்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. அப்படிப்பட்டவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை எப்படித்தான் கிடைத்ததோ! காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பலகையில் ஒயர்களைச் செருகிச் செருகி எடுத்துக்கொண்டிருக்கும்போதும் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். "காலை ஆட்டாதடி, எனக்குத் தலை சுத்துது" என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி. எழுபதுகளின் கடைசி அது. மெட்ராஸுக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். லைன் கிடைக்காத கோபத்தையெல்லாம் ஜனங்கள் எங்கள் காதில்தான் கொட்டுவார்கள். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை.

அப்படித்தான் வெள்ளைக்காரம்மா எனக்குப் பழக்கமானாள். மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தவள். தன் ஊருக்குப் பேச லைன் கிடைக்கவில்லை என்று நேரில் சண்டை போடவே வந்துவிட்டாள். நானும் எழுந்து நின்று ஒரு பாட்டம் கத்தினேன். அப்போது அவள் தோளில் தொங்கிய துணிப்பை தானாக அசைந்தது. உள்ளே ஒரு மீன்கொத்தி. ஒரு கால் ஒடிந்து, துணிக்குள் சுருண்டு கிடந்தது. லைன் கேட்டதே அதற்காகத்தானாம். அவள் ஊரில் பறவை வைத்தியம் தெரிந்த தோழி ஒருத்தி இருக்கிறாளாம், காலை எப்படிக் கட்டுவது என்று கேட்க வேண்டுமாம். அடப் பாவமே என்று ஆகிவிட்டது எனக்கு. அன்றைக்கு அந்த லைனைப் பிடித்துக் கொடுப்பதற்குள் நான் எத்தனை ஊர் ஆபரேட்டர்களோடு மல்லுக்கு நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து நாங்கள் ஒரு கூட்டம் ஆனோம். பெயரும் கிடையாது, போர்டும் கிடையாது. வெள்ளைக்காரம்மா, நான், பஸ் கண்டக்டரான என் கணவர், மாட்டாஸ்பத்திரியில் இருந்த கம்பவுண்டர், இவ்வளவுதான் ஆட்கள். கம்பவுண்டர் டூட்டி முடிந்ததும் சைக்கிளில் வருவார், கேரியரில் டிஞ்சரும் பஞ்சும் இருக்கும். மாஞ்சாக் கயிற்றில் அறுபட்ட பச்சைக்கிளி, பஸ்ஸில் அடிபட்ட மைனா, ஏரியில் வலை சுற்றிக்கொண்ட கொக்கு என்று ஒவ்வொன்றாக வரும். வந்ததும் முதலில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் போட்டு மூடி, இருட்டாக வைத்துவிடுவோம். பறவைக்கு அடியைவிடப் பயம்தான் முதல் எமன் என்று வெள்ளைக்காரம்மா சொல்லியிருந்தாள். பிறகு மூங்கில் சிம்பு, கிழிந்த வேட்டித் துணி, ஒரு சொட்டு டிஞ்சர். பிழைத்தது பாதி, செத்தது பாதி. ஆந்தையை மட்டும் யாரும் கொண்டுவர மாட்டார்கள். அபசகுனமாம். அடிபட்டுக் கிடந்தால் நாங்களே போய் எடுத்துவர வேண்டும். வீடு வரைக்கும் ஜனங்கள் எங்களையே ஆந்தையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

கருடன் வந்தது அப்படியில்லை. மேளதாளம் இல்லாத குறைதான்.

எங்கள் டிபார்ட்மெண்ட் லைன்மேன்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். செங்கம் ரோட்டில் டெலிபோன் கம்பியில் மோதி விழுந்துவிட்டதாம். செம்மண் நிற உடம்பு, வெள்ளைத் தலை, ஒரு பக்க இறக்கை தரையில் இழுபடுகிறது. கண்ணை மட்டும் தாழ்த்தவே இல்லை. லைன்மேன் பின்னாலேயே தெருவில் பாதி ஜனம். "இன்னா மேடம் பண்றது, நம்ம கம்பியில இல்ல வந்து மோதிக்கிச்சு! பாவம் நம்ம மேலதான" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அதற்குள் ஒரு அம்மாள் கூட்டத்தில் புகுந்து அதன் தலையில் குங்குமம் வைத்துவிட்டாள். இன்னொருத்தி அலகைப் பிளந்து பாலை ஊற்றப் போனாள், அது மூச்சுக்குழலில் இறங்கினால் அவ்வளவுதான். வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். "சாமின்னு சொல்லிட்டு சாவடிச்சுடாதீங்க, நகருங்க!" என்று கத்தி, பறவையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கம்பவுண்டர் தொட்டுப் பார்த்தார். இறக்கையில் ஒரு எலும்பு ஒடிந்திருந்தது, பக்கத்தில் இருந்த இன்னொன்று தப்பியிருந்தது. "ஒண்ணுக்கு ஒண்ணு துணை இருக்குது. சேரும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. இன்னொரு தடவ ஒடிஞ்சா கட்டறதுக்கு எலும்பு இருக்காது" என்றார். இறக்கையை மடித்து உடம்போடு சேர்த்து வேட்டித் துணியால் சுற்றினோம். எங்கள் வீட்டுப் பின்கட்டு அறை அதற்கு ஒதுக்கப்பட்டது. வெள்ளைக்காரம்மா அறையில் இடமில்லை, கம்பவுண்டர் வீட்டில் பூனை.

இங்கேதான் சிக்கல். நாங்கள் இருந்தது வாடகை வீடு. ஓனர் நெல் மண்டிக்காரர், சுத்த சைவம். குடிவைக்கும்போதே, "முட்டைகூட உள்ள வரக்கூடாதும்மா" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னவர். நாங்கள் கறி சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் அதை மாமியார் வீட்டோடு வைத்துக்கொண்டோம். நல்ல வீடு, அடுத்த வாசலில் இருந்த ஓனருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது, எக்ஸ்சேஞ்சுக்கு நடக்கிற தூரம். கருடன் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஓனருக்கு ஒரே பூரிப்பு. "என் வீட்டுக்கு வந்திருக்கார்மா! எத்தனை நாள் வேணா வச்சுக்க. தயிர் சாதம் பிசைஞ்சு போடு, வாழைப்பழம் குடு" என்று ஒரு சீப்பு பழத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

கருடனுக்குத் தயிர் சாதம்! இந்த ஊரில் யாருக்குமே அது என்ன தின்னும் என்று தெரியவில்லை என்று சொல்ல முடியாது. ஏரிக்கரையில் அது மீனைக் கவ்விக்கொண்டு போவதை எல்லோரும்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சாமி என்று ஆகிவிட்டால் அது சைவம்தான். அதை மாற்ற யாராலும் முடியாது. கருடன் தயிர் சாதத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

என் கணவருக்கு அப்போது சாத்தனூர் டேம் ரூட். அங்கே மீன் மலிவாகவே கிடைக்கும். டிபன் கேரியரின் அடித்தட்டில் மீன், மேல்தட்டில் எலுமிச்சை சாதம். அதோடு பஸ்ஸில் வருவார். "கண்டக்டரு, இன்னாமோ நாறுதே" என்று பாசெஞ்சர்கள் கேட்டால், "டேம் காத்து அப்படித்தாங்க" என்பாராம். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பக்கம் மீனை நறுக்குவேன், இன்னொரு பக்கம் சாம்பிராணி புகையை வீடு முழுக்கக் காட்டுவேன். கருடன் அப்படி ஒன்றும் மரியாதையாகச் சாப்பிடாது. காலால் மிதித்துப் பிய்த்து, சுவர் முழுக்க இறைத்துவிடும். கழுவிக் கழுவி என் கை தோல் உரிந்தது. ஓனர் வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "காலையும் சாயங்காலமும் சாம்பிராணி! உன்ன மாதிரி பொண்ணுங்க இப்ப எங்க இருக்காங்க" என்பார். எனக்குச் சிரிப்பு வரும், அவசரமாக இன்னும் ஒரு பிடி சாம்பிராணியைப் போடுவேன்.

வாசலில் தரிசனக் கூட்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வரிசையே நின்றுவிடும். "ஒரே ஒரு தரம் காட்டும்மா, பையனுக்குப் பரீட்சை" என்று கெஞ்சுவார்கள். நான் உள்ளே விடமாட்டேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, யாராவது கொல்லைப்பக்கமாகப் புகுந்து பாலை ஊற்றிவிட்டார்களோ என்று உயிரே போகும். வேலூரைக் கேட்டவருக்கு விழுப்புரத்தைக் கொடுத்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த அன்று எலும்பு சேர்ந்திருந்தது. நாங்கள் குதித்தோம். ஆனால் இறக்கையில் பலம் இல்லை. இரண்டு ஸ்டூல்களைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வைத்தாள் வெள்ளைக்காரம்மா. காலில் நீளமான நூல். ஸ்டூல் உயரத்துக்கே அதற்கு மூச்சு வாங்கியது.

குட்டை உடைத்தது ஒரு காக்கை. பின்கட்டில் இருந்து மீன் முள்ளைக் கவ்விப்போய், சரியாக ஓனர் தலைமுழுகிவிட்டு நின்றுகொண்டிருந்த கிணற்றடியில் போட்டது. ஈரத் துண்டோடு வந்து நின்றார் மனுஷர். கத்துவார் என்று நினைத்தேன். பதிலுக்குக் கத்தத் தயாராகவும் இருந்தேன். அவர் கத்தவில்லை. முள்ளைக் காட்டி, "அது இதத்தான் சாப்பிடுதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இல்லன்னா செத்துடும்."

முள்ளைத் தூர எறிந்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு திண்டாடித் திண்டாடி விஷயத்துக்கு வந்தார். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நெருங்கிக்கொண்டிருந்தது. திருப்பணிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் கருடன் வந்து வானத்தில் வட்டமிட வேண்டும். வந்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்காக ஐயரே குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்பார்.

"போன தடவை நடத்தினது எங்க அண்ணன். கருடன் வரல. அந்த வருஷமே மழை பொய்ச்சுது. அண்ணனும் போய்ட்டாரு. ஊரு இன்னிக்கும் அதத்தான் பேசுது" என்றார். "நீ மீன் போடு, கறி போடு, நான் கண்டுக்க மாட்டேன். கும்பாபிஷேகத்தன்னிக்கு மட்டும் அத என்கிட்ட குடுத்துடு. சாரத்து மேல ஒரு ஆள் துணி போத்தி வச்சிருப்பான். தண்ணி ஊத்தும்போது விட்டா ஒரு சுத்து சுத்தாதா?"

"அது இன்னும் பறக்கலைங்க. அங்கேர்ந்து விட்டா கல்லுல வந்து விழும்."

"கருடன் விழுமா? என்ன பேச்சு பேசற" என்றார்.

அவர் போன பிறகு நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். அதாவது அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கம்பவுண்டர், "பெரிய மனுஷன் கேக்கிறாரு. உயரத்துலேர்ந்து விட்டா காத்துல மிதந்துகூடப் போயிடலாம்" என்று இழுத்தார். சரி, பார்த்துவிடலாம் என்று எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தோம். கீழே என் கணவர் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கருடன் ஊரைப் பார்த்தது, மலையைப் பார்த்தது, பாய்ந்தது. அடித்த இறக்கை இரண்டில் ஒன்றுதான் காற்றைப் பிடித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, போர்வையையும் தாண்டிப் பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் போய் விழுந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கும்போது அதன் நெஞ்சு என் கையில் அடித்துக்கொண்ட வேகம்! எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வைக்கோல் இல்லாமல் அந்த இடத்தில் தரையாக இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

வெள்ளைக்காரம்மா தன் அரைகுறைத் தமிழில், "இல்லை. பறக்காது. விழும். குடுக்காதே" என்றாள். கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

போய் ஓனரிடம் தர முடியாது என்று சொன்னேன். வைக்கோல் போரில் விழுந்ததையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்போ கும்பாபிஷேகம் முடிஞ்சதும் வீட்டக் காலி பண்ணிடுங்க" என்றார். என் கணவர் அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேற வீடு பாத்துக்கலாம். பறவை வச்சிருக்கறவளுக்கு எவன் தருவான்னுதான் தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

கோயிலில் காப்புக் கட்டியதும் தெருவே விரதத்துக்குப் போய்விட்டது. கறி தின்கிற வீடுகளிலும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். யாக சாலையைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மீன் வைத்த கேரியரைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வர என் கணவருக்கே மனசு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, எனக்கும் அந்தப் பிள்ளையார் வேண்டியவர்தானே. வெள்ளைக்காரம்மா அடி அண்ணாமலைப் பக்கம் வயல்களில் துணிப்பையும் கையுமாகக் குதித்துக் குதித்து வெட்டுக்கிளி பிடித்துவந்தாள். மாட்டுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். கருடனுக்கு வெட்டுக்கிளி அலகு இடுக்குக்குக்கூடப் போதாது. பசியில் கத்த ஆரம்பித்தது. கைக்குழந்தை சிணுங்குகிற மாதிரி ஒரு குரல்.

கும்பாபிஷேகத்தன்று லீவு போட்டுவிட்டுப் பின்கட்டு அறைக் கதவுக்கு முன்னால் காவல் இருந்தேன். யாராவது ஆளை அனுப்பித் தூக்கிப்போய்விடுவார்களோ என்ற பயம். லவுட் ஸ்பீக்கரில் மந்திரம், நாதஸ்வரம், நடுநடுவே "வரிசையா வாங்க, தள்ளாதீங்க". எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கதவுக்கு வெளியே நடக்கிறேன், அது உள்ளே நடக்கிறது, நகம் தரையில் கீறுகிற சத்தம் கேட்கிறது. பிள்ளையாரப்பா, அந்த மனுஷனையும் கைவிட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஆள்தான். இருந்தாலும் குடத்துக்குக் கீழே அவர் எப்படி நிற்பார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

திடீரென்று லவுட் ஸ்பீக்கர் நின்றது. நாதஸ்வரமும் நின்றது. குடத்தைத் தூக்கிவிட்டார்கள், எல்லோரும் மேலே பார்க்கிறார்கள் என்று புரிந்தது. அந்த நிசப்தம் நீண்டுகொண்டே போனது. நான் முற்றத்துக்கு ஓடி மேலே பார்த்தேன். வெறும் வெயில்.

பிறகு மலைப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சிவந்த இறக்கை வெயிலில் மின்ன, அவசரமே இல்லாமல், கோயிலுக்கு மேலே வட்டமிட்டன. தெருக்கோடியில் "அரோகரா!" என்று எழுந்த சத்தத்தில் எங்கள் மாடிச் சுவரில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. நான் சிரித்தேன், அழுதேன், என்னென்னவோ செய்தேன். கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஓனர் வந்துவிட்டார். தலையிலிருந்து கால்வரை அபிஷேகத் தண்ணீர் சொட்டுகிறது. கையில் பிரசாதத் தட்டு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அனுப்பிட்டியேம்மா! குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு, நேரம் பாத்து அனுப்பிட்டியே! ஜோடியோட இல்ல வந்துச்சு! ஊரே என் கையைப் புடிச்சுக்குச்சு" என்று தட்டை நீட்டினார். "வீடெல்லாம் ஒண்ணும் காலி பண்ண வேணாம். நான் பேசினத மனசுல வச்சுக்காத."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடும் நிலைக்கும், அவரும் சந்தோஷமாகப் போவார். என் வாயில் அந்த வார்த்தை வந்தும்விட்டது. அப்போது பின்கட்டிலிருந்து கருடன் கத்தியது.

அவர் கை தட்டோடு அப்படியே நின்றது. மறுபடியும் கத்தியது.

"உள்ளயா இருக்குது?" என்றார்.

"உள்ளதாங்க இருக்குது. இன்னும் பறக்கல."

"அப்போ மேல வந்தது?"

"அது தானா வந்ததுங்க. நாங்க யாரும் அனுப்பல."

அவர் என்னையே பார்த்தார். ஈர வேட்டியோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "தானாவா வந்துச்சு" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, ஒரு பெரிய மனுஷன் அழக்கூடாத அழுகையெல்லாம் அழுதார். "அண்ணா, தானா வந்துச்சுண்ணா" என்று இல்லாத அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்ய? தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

கருடன் மூன்றாவது முறை கத்தியபோதுதான் நிமிர்ந்தார்.

"ஏன் கத்துது?"

"பசிங்க. காப்புக் கட்டினதுலேர்ந்து மீன் கிடையாது."

சட்டென்று எழுந்தார். "என்னம்மா நீ! வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுட்டா கும்பாபிஷேகம்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க வீட்டுக்காரரு எப்ப வருவாரு? இன்னிக்கே கொண்டாரச் சொல்லு" என்று என்னைத் திட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல! அன்று எனக்கு அந்தத் திட்டு அவ்வளவு பிடித்திருந்தது.

அதன் பிறகும் ஸ்டூல், நூல், மாடிச் சுவர், போர்வை என்று எத்தனையோ நாள் போனது. ஒரு நாள் போர்வைக்கு வேலை இல்லாமலே எதிர்வீட்டு வேப்பமரத்தில் போய் உட்கார்ந்தது, நூல் இருந்ததால் இறக்கினோம். இனி வைத்திருப்பது பாவம் என்று வெள்ளைக்காரம்மா சொன்னாள். காலையில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனோம். யாருக்கும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, ஓனர் பின்னாலேயே நடந்துவந்து, கொஞ்சம் தள்ளி ஒரு பனைமரத்தடியில் நின்றுகொண்டார்.

கம்பவுண்டர் நூலை அறுத்தார். நான்தான் பிடித்திருந்தேன். கையை விரித்ததும் நகம் மணிக்கட்டில் கீறிக்கொண்டு கிளம்பியது. முதலில் தண்ணீரைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்தது. நான் கரை விளிம்புவரை ஓடிவிட்டேன். பிறகு இரண்டு இறக்கையும் ஒன்றாகக் காற்றைப் பிடிக்க, மேலே ஏறியது. வட்டமெல்லாம் இடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அக்கரைத் தென்னந்தோப்பை நோக்கி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

ஓனர் எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. கும்பிடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அது போகிற திசையையே பார்த்தபடி, "ஏம்மா, விழுந்துடாதில்ல?" என்று கேட்டார்.

"விழாதுங்க" என்றேன். ஆனால் அது கண்ணுக்கு மறைகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.